டிரெய்லர் அடிப்பலகை பின்பக்கம் மட்டும் இற்றுப்போகிறது: மரமா, தகடா?

வயக்காட்டான் (சேரன்மகாதேவி பக்கம்)

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டிராக்டர் டிரெய்லர் இரண்டு சக்கர வண்டி, 10 அடி நீளம், 6 அடி அகலம். 2009-ல் வாங்கியது. நெல், எரு, செங்கல், வாழைத்தார் என்று ஏற்றாத பாரம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் நின்றது. அடுத்த வருடம் எரு இறக்கும்போது பின்பக்கப் பலகை உடைந்து அப்பாவின் கால் உள்ளே போய்விட்டது. சிராய்ப்போடு தப்பினார்.

அவசரத்துக்கு மாம்பலகை வாங்கி நடுவில் இரண்டை மட்டும் மாற்றினேன். ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஒன்று கோணிக்கொண்டு போல்ட்டைப் பிடுங்குகிறது, இன்னொன்று உளுத்து மாவு கொட்டுகிறது. மற்ற ஆறு பலகையும் முன்பக்கம் கல் மாதிரி இருக்கின்றன. கடைசி இரண்டு அடி மட்டும் கைவிரலால் நோண்டினால் வருகிறது.

வெல்டர், 'பலகையைக் கழற்றவே வேண்டாம், மேலே 3 மில்லி இரும்புத் தகட்டைப் பரப்பி ஒட்டிவிடலாம்' என்கிறார். கழற்றலாம் என்று பார்த்தாலும் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது. பிசான நெல் அறுப்புக்குள் வண்டி வேண்டும். என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன் (ஆலங்குளம்)

தம்பி, மரமா தகடா என்பதை அப்புறம் பார்ப்போம். முன்பக்கம் கல் மாதிரி இருக்கிறது, பின்பக்கம் இற்றுப்போனது என்றால் குற்றம் வயசில் இல்லை, வெள்ளத்திலும் முழுதாக இல்லை. தண்ணீர் அங்கே நிற்கிறது. இரண்டு விஷயம் சொல்லும். வண்டியை நிறுத்தும்போது முன் ஸ்டாண்டு எவ்வளவு உயரத்தில் நிற்கும்? பின்கதவு அடியில் ஏதாவது ஆங்கிள், அதான் 'எல்' வடிவ இரும்புப் பட்டை, அடித்திருக்கிறதா?

பழைய பலகைமேல் தகடு மட்டும் போட்டுவிடாதேயும். ரெண்டுக்கும் நடுவில் புகுந்த ஈரம் வெளியே வராது. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் மரம் சோறாகிப்போகும். தகடும் அடிப்பக்கமிருந்து துருவேறும். வெல்டிங் பொறி அந்த உளுத்த பலகையில் விழுந்து, ராத்திரி நீங்கள் தூங்கின பிறகு புகைய ஆரம்பிக்கும். பார்த்திருக்கிறேன்.

வயக்காட்டான்

ஸ்டாண்டு கொஞ்சம் உயரம்தான் அண்ணாச்சி. டிராக்டர் கொக்கியில் மாட்டத் தோதாக எப்போதும் முன்பக்கம் தூக்கியே நிற்கும். ஆங்கிளும் இருக்கிறது! செங்கல் ஏற்றும்போது நழுவுகிறது என்று பின் ஓரம் முழுக்க ஒரு அங்குல ஆங்கிளை மேல்நோக்கி ஒட்டச் சொன்னது நான்தான். நாலு வருடம் இருக்கும்.

பட்டறைக்காரன் (ஆலங்குளம்)

அப்படிச் சொல்லும். வண்டியைத் தாம்பாளமாக ஆக்கி, அதைப் பின்பக்கம் சாய்த்தும் வைத்திருக்கிறீர். மழைத்தண்ணீரும் எருச்சாறும் அந்த மூலையில்தான் தேங்கும். தேக்கே போட்டாலும் அங்கே இற்றுத்தான் போகும். ஆங்கிளை முழுக்க எடுக்க வேண்டாம். அரை அடிக்கு ஒரு இடத்தில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும், செங்கலும் நழுவாது. நிறுத்தும்போது பின்பக்கம் சாயட்டும், நல்லதுதான், ஆனால் வழி இருக்க வேண்டும்.

பலகையை எடுத்ததும் அதைத் தாங்குகிற குறுக்கு இரும்புச் சேனல்களைப் பாரும். வெள்ளச் சேறு உள்ளே கெட்டியாகிக் கிடக்கும். தட்டி, கழுவி, காயவைத்து, கம்பி பிரஷ் போட்டு ரெட் ஆக்சைடு துருத்தடுப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடியும். சுத்தியலால் தட்டும்போது டங்கென்று கேட்காமல் டொப்பென்று கேட்டால் அந்தச் சேனலை மாற்றியே ஆக வேண்டும். பலகை வாங்கும் முன்னால் இந்த வேலை.

ஜல்லிவண்டி

எதற்கு இந்தப் பாடு? மரத்தை வீசிவிட்டு 5 மில்லி தகடு போடுங்கள். நான் போட்டு ஏழு வருடம் ஆகிறது.

பட்டறைக்காரன் (ஆலங்குளம்)

ஜல்லி அடிக்கிறவருக்குத் தகடு சரி, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லி கனத்துக்கு 7.85 கிலோ. இந்த வண்டித் தளம் ஏறக்குறைய 5.6 சதுர மீட்டர். 5 மில்லி என்றால் 220 கிலோ, கிட்டத்தட்ட ஐந்து யூரியா மூட்டை. ஒன்றரை அங்குல வேங்கை போட்டால் 170 கிலோ பக்கம் வரும். 3 மில்லித் தகடு 130 கிலோதான், ஆனால் சேனல் இடைவெளி இரண்டு அடி இருந்தால் கல் விழுந்த இடமெல்லாம் குழியாகி, அந்தக் குழியில் மறுபடி தண்ணீர். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் வண்டியின் வெற்று எடை எழுதியிருக்கும், தளம் கனத்தால் அது மாறிப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம். தம்பிக்கு மரமே போதும்.

மரம் வேங்கை அல்லது கருமருது கேளும். செங்கோட்டை, தென்காசி பக்கம் மில்லில் உம் அளவுக்கு அறுத்துத் தருவார்கள். 60 சதுர அடிக்கு ஒன்றரை அங்குலம் என்றால் ஏழரைக் கன அடி. சேதாரத்துக்குச் சேர்த்து எட்டேகால் சொல்லும். வெள்ளை ஓரம் இல்லாமல் வைரம் பாய்ந்ததாகப் பார்த்து எடும், வண்டு முதலில் வெள்ளையில்தான் ஏறும். போன தடவை பச்சை மாம்பலகையை ஏமாற்றித் தந்திருக்கிறார்கள், அதனால்தான் கோணியது.

இன்னொன்று. பலகையின் நுனியைப் பார்த்தால் வளையம் தெரியும். அது சிரிக்கிற வாய் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும்படி போடும். காய்ந்தாலும் நடு மேடாகும், ஓரம் தாழும், தண்ணீர் வழிந்துவிடும். கவிழ்த்துப் போட்டால் ஒவ்வொரு பலகையும் ஒரு ஓடை.

வயக்காட்டான்

போல்ட் விஷயம்? நேற்று ராத்திரி டீசல் ஊற்றி வைத்தேன், அசையவில்லை.

நட்டுபோல்ட்டு

அது உருண்டைத் தலை போல்ட்தானே? தலைக்கு அடியில் சதுரக் கழுத்து இருக்கும், அது மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் போல்ட் சுற்றாமல் நிற்கும். மரம் இற்றதால் பிடி போய்விட்டது. டீசல் ஊற்றி என்ன பயன்? அடியிலிருந்து கிரைண்டரால் நட்டைச் சீவிவிட்டு மேல்நோக்கித் தட்டுங்கள். அடியில் படுக்கும் முன் சேசிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, நாலு இடத்தில் கனமான கட்டை கொடுங்கள், ஜாக்கியையும் ஸ்டாண்டையும் நம்பிப் படுக்காதீர்கள். கண்ணாடி கட்டாயம். வைக்கோல் தூசியைக் கழுவிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வெல்டிங் செய்யும்போது டிராக்டரை விட்டு வண்டியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியபடியே செய்தால் டிராக்டரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விடும்.

புது போல்ட் 10 மில்லி, துத்தநாகப் பூச்சு உள்ளது வாங்குங்கள். நுனிகளில் இரண்டிரண்டு, நடுச் சேனல் நாலிலும் ஒவ்வொன்று, இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டால் எட்டுப் பலகைக்கு 64 வரும்.

கடக்கரையான் (உவரி)

எங்கள் பக்கம் வள்ளத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுவது வழக்கம். பலகை காய்ந்திருக்கும்போது அடிப்பக்கம், வெட்டிய நுனி, போல்ட் ஓட்டை மூன்றிலும் ஊறவிடுங்கள். நுனிதான் அதிகம் தண்ணீர் குடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். கழிவு ஆயில் மட்டும் வேண்டாம். நெல் ஏற்றும் வண்டி, வாடை மூட்டையில் ஏறும்.

வயக்காட்டான்

வேலை முடிந்தது. ஆறு சேனலில் கடைசி ஒன்று டொப்பென்றுதான் கேட்டது, மாற்றிவிட்டேன். வேங்கை கிடைத்தது. ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் 3 மில்லி விட்டதால் எட்டாவது உள்ளே போகவில்லை, ஓரத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் சீவ வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் நெல் சிந்துமே என்று அம்மா திட்டுகிறாள். தார்ப்பாய் விரித்துத்தான் ஏற்றப் போகிறோம்.

நேற்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஆங்கிள் வெட்டிய வழியெல்லாம் ஓடிவிட்டது. இடது மூலையில் மட்டும் ஒரு கையளவு நிற்கிறது அண்ணாச்சி.

பட்டறைக்காரன் (ஆலங்குளம்)

அங்கேயும் ஒரு வெட்டுப் போடும்.