சாட்டர்ன் 5 மாதிரி: எந்த அளவில் செய்வது?

பாம்பன் டீச்சர்:
பேக்கரும்பு கலாம் நினைவிடத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, நிலாவுக்கு ஆளைக் கொண்டுபோன ராக்கெட்டை நாமே செய்து பள்ளியில் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். சாட்டர்ன் 5-இன் உயரம் 110.6 மீட்டர். எவ்வளவு சுருக்கினால் இங்கே கிடைக்கிற பொருளில் ஒழுங்காகச் செய்யலாம்? அட்டை வேண்டாம், கடல் காற்றுக்கு நமுத்துப்போகும். அப்புறம் பக்கத்தில் சந்திரயான்-3 ராக்கெட்டையும் வைக்க ஆசை, ஆனால் ரொம்பச் சின்னதாகத் தெரிந்து பிள்ளைகள் வாடிவிடுவார்களோ என்று தயக்கம்.

மண்டபம் பைபர்:
டீச்சர், 1:92 எடுங்க, அதாவது நிஜத்தில் 92-இல் ஒரு பங்கு. 4 இஞ்ச் பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 110 மி.மீ., ராக்கெட்டின் அடிக்கட்டத்தின் விட்டம் 10.1 மீட்டர், அப்படியே பொருந்தும். மூன்றாம் கட்டம் 6.6 மீட்டர், அதற்கு 72 மி.மீ. வேண்டும், 75 மி.மீ. பைப் போதும். மொத்தம் 120 செ.மீ. வரும். நடுவில் வரும் கூம்புக்கு மரத்தில் அச்சு கடைந்து, படகுக்குப் போடுகிற பைபர் மேட்டும் ரெசினும் போட்டு எடுத்துவிடலாம். உள்ளே தாங்கிப் பிடிக்க இரும்புக் கம்பி மட்டும் வைக்காதீங்க, நம்ம ஊர் உப்புக்காற்றில் துரு வெளியே கசிந்து வெள்ளைப் பெயிண்டைக் கெடுத்துவிடும், எஸ்.எஸ். கம்பி வாங்குங்க.

கீழக்கரை வாசகன்:
பெயிண்ட் விஷயத்தில் கவனம். 1966-இல் ஏவுதளத்தைச் சரிபார்க்க நிறுத்திய, பறக்காத 500எஃப் ராக்கெட்டில், முதல் கட்டத்தின் இரண்டு தொட்டிகளுக்கு நடுவிலும் கறுப்பு அடித்திருந்தார்கள். வெயிலில் உள்ளே சூடேறியதால் பறந்த ராக்கெட்டுகளில் அந்த இடத்தை வெள்ளையாக்கிவிட்டார்கள். பழைய பொம்மை கிட்கள் பலவற்றில் இன்னும் அந்தக் கறுப்புதான் இருக்கும். அப்போலோ 11 என்று எழுதி வைப்பதானால் 1969 ஜூலை 16 ஏவுதல் படங்களைப் பார்த்து அடியுங்கள்.

ராம்நாடு தம்பி:
டீச்சர், கட்டாயம் இரண்டையும் பக்கத்தில் வையுங்க, ஆனால் ஒரே அளவில். சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன எல்விஎம்3 ராக்கெட் 43.5 மீட்டர், அதாவது 47 செ.மீ. வரும். சின்னது என்று பிள்ளைகள் கேட்கட்டும், அந்தக் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. சாட்டர்ன் மூன்று பேரையும், அவர்கள் திரும்பிவர வேண்டிய கலத்தையும் சேர்த்து சுமார் 45 டன்னை நேரே நிலாப் பாதையில் தள்ளியது, மூன்றே நாளில் நிலாவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சந்திரயான்-3 சுமார் 3.9 டன்தான், ஆளும் இல்லை, திரும்பவும் வேண்டாம். எல்விஎம்3 அதைப் பூமியைச் சுற்றும் நீள்வட்டத்தில் விட்டது, பிறகு கலம் தன் எஞ்சினாலேயே கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, 2023 ஜூலை 14-இல் கிளம்பி ஆகஸ்ட் 23-இல் இறங்கியது. அவசரமில்லாத பாதை, அதனால் சின்ன ராக்கெட்டே போதுமாக இருந்தது. புதுப் பாம்பன் பாலத்தில் மேலே ஏறுகிற பகுதி 72.5 மீட்டர், அதையும் 79 செ.மீ. பட்டையாக வெட்டிக் கீழே கிடத்துங்க, பிள்ளைகள் தினமும் பார்க்கிற அளவு அது. காலடியில் 18 மி.மீ. உயரத்தில் ஒரு ஆளையும் நிறுத்துங்க.

பாம்பன் டீச்சர்:
சரி, 1:92-லேயே இரண்டும். பாலமும் உண்டு. பைபர் அண்ணே, அடியில் உள்ள ஐந்து எஃப்-1 எஞ்சினுக்கும் வாய் 40 மி.மீ. என்று கணக்கு வருகிறது, ஒரே அச்சில் ஐந்தையும் எடுக்க முடியுமா?