மார்கழி நாற்றுக்குச் சூடு: கொட்டகைக் காற்றா, சாணப் படுக்கையா? (விவசாயிகள் பேச்சு, அவங்கவங்க ஊர்ப்பெயரில்)

ஒரத்தநாடு:
மாட்டுக் கொட்டகையில் மாட்டுச் சூடு ஏறின காற்றைக் குழாய் வச்சு நாற்றுக் கூடாரத்துக்கு இழுக்கிற யோசனை நம்ம பக்கம் எடுபடாது. 400 கிலோ கறவை மாடு ஏறக்குறைய ஒரு கிலோவாட் சூடு விடும், சரிதான். கனடா மாதிரி குளிர் நாட்டில் கொட்டகையை அடைச்சு வைக்கிறதால அது உள்ளே தங்குது. இங்கே நாலு பக்கமும் திறப்பு. தார்ப்பாய் கட்டி அடைச்சா ஈரமும் அம்மோனியாவும் சேரும். மாட்டுக்கு மடிநோய், நாற்றுக்கு இலையோரக் கருகல்.

திருவையாறு:
எடுக்க வேண்டிய சூடு சாணத்தில் இருக்கு; படுக்கையா குவிச்சா மக்கும்போது சூடாகும், அது மேல விதைத் தட்டை வைக்கலாம். மார்கழி ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கினா மிளகாய், கத்தரி விதை முளைக்கச் சுணங்கும். தட்டுக்கு அடியில் 25–30 டிகிரி போதும். 100 கிலோ புதுச் சாணத்துக்கு 30 கிலோ நறுக்கின வைக்கோல், 10 கிலோ கோழி எரு. 10 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத்துக்குச் சாணம் மட்டும் 1,200 கிலோ பிடிக்கும். பத்து கலப்பின மாடு ஒரு வாரத்தில் போடுற அளவு. உம்பளச்சேரி மாதிரி சின்ன நாட்டு மாடுன்னா இன்னும் கூடுதல் மாடு வேணும். களிமண் தரையில் நேரே கொட்டாதீங்க, தென்னை மட்டை பரப்பி அது மேல போடுங்க. கையில் பிழிஞ்சா விரலிடுக்கில் கசியணும், சொட்டக் கூடாது. மூணு நாலு நாளில் நடுவில் 55–60 டிகிரி ஏறும். ஒருமுறை புரட்டி, சூடும் அம்மோனியா நெடியும் அடங்கின பிறகு 4 அங்குலம் மணல், அதுக்கு மேல குழித்தட்டு. அவசரப்பட்டா வேர் வெந்துடும்.

மன்னார்குடி:
சூடே ஏறலைன்னா பெரும்பாலும் கொட்டகை கழுவின தண்ணி கலந்த சாணமா இருக்கும். காத்து போகாம புளிச்ச வாடை அடிக்கும். காய்ஞ்ச வைக்கோல் சேர்த்துப் புரட்டினா மறுபடி ஏறும். மேலே கூரை கட்டாயம். சூட்டை எடுக்கப் படுக்கைக்குள்ள குழாய் சுருட்டித் தண்ணி ஓட்டுறவங்க சொட்டுநீர்ப் பாசனத்தோட மெல்லிசான பக்கக் குழாயை (லேட்டரல்) போடாதீங்க, அந்தச் சூட்டில் இளகி இணைப்பு கழண்டுடும். முக்கால் அங்குல எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் தாங்கும்.

திருவையாறு:
ஆமாண்ணே. இன்னொண்ணு, முளை தெரிஞ்சதும் தட்டை இறக்கிடணும். விட்டா தண்டு நீண்டு சாயும்.

பட்டுக்கோட்டை:
பக்கத்தில் தென்னை இருந்தா கவனம். தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டோட புழு நடுச்சூட்டில் பிழைக்காது, ஆனா ஆறின ஓரத்தில் அந்த வண்டு முட்டை வச்சிடும். நாற்று முடிஞ்சதும் கலைச்சு வயலுக்கு அடிச்சிடுங்க. குவிச்சே வைக்கணும்னா அந்தப் புழுவைக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலங்க, ஆனா குவியல் நல்லா ஆறின பிறகு. சூட்டில் போட்டா பூஞ்சாணமே செத்துடும்.