எர்த் பின்னை எடுத்தேன், ஹம்மிங் நின்றது: மிக்சர் வயரிங்கில் பட்ட அனுபவங்கள்

பல வருடங்களாக மனதில் வைத்திருந்ததை இன்று எழுதுகிறேன். மைக்குகள், கருவிகளின் ஒலிகளைக் கலக்கும் மிக்சரை வைத்து வயரிங் செய்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன அரங்கம் ஒன்றில் 16 சேனல் மிக்சரைப் புதிதாகப் பொருத்தினேன். மைக்குகள் எல்லாம் சுத்தமாக வந்தன. கிட்டார் ஆம்ப்பின் லைன் அவுட்டை (ஒலி சிக்னலை வெளியே எடுக்கும் சாக்கெட்) மிக்சரில் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஹம்மிங். கேபிள், சேனல் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. கூட இருந்த ஒருவர், "ஆம்ப்போட பிளக்ல எர்த் பின்ன மட்டும் டேப் சுத்தி விடுங்க, நின்னுடும்" என்றார். செய்தேன். நின்றது. அன்று முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை, அதனால் அதுதான் சரியான வழி என்று நம்பியும் விட்டேன்.

மறுநாள் கிட்டார் கலைஞர் லைன் அவுட் ஒலி பிடிக்கவில்லை, ஆம்ப் முன்னால் மைக் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அந்தக் கேபிளைக் கழற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாடுவதற்காகக் கிட்டார் தந்திகளைப் பிடித்தபடியே மைக்கில் வாய் வைத்தார். அப்படியே பின்னால் விழுந்தார். உதடு வெந்திருந்தது, கை அரை மணி நேரம் நடுங்கியது. உயிர் பிழைத்தது எங்கள் நல்ல நேரம், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்பது மல்டிமீட்டரை எடுத்து அளந்த பிறகுதான் புரிந்தது. அந்த ஆம்ப் பழையது. உள்ளே மெயின்ஸ் வயருக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே இருந்த கெபாசிட்டர் கசிய ஆரம்பித்திருந்தது. முதல் நாள் நான் பிளக்கில் எர்த்தை எடுத்த பிறகும், லைன் அவுட் கேபிளின் ஷீல்டு (சிக்னல் வயரைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாக மிக்சரின் எர்த் அந்த ஆம்ப்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு சிக்னல் கேபிள்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அதைக் கழற்றியதும் ஆம்ப்பின் உடல், கிட்டார் கேபிள், தந்திகள் எல்லாம் மின்சாரத்தில் மிதக்க ஆரம்பித்தன. மைக்கின் வலையோ மிக்சர் வழியாக எர்த்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கை, இன்னொரு பக்கம் உதடு. நடுவே நெஞ்சு.

1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' இசைக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். அதைப் பிற்பாடு படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது.

ஹம்மிங் வந்ததற்குக் காரணம் எர்த் இருந்தது அல்ல. மிக்சருக்கு ஒரு சுவரிலிருந்தும் ஆம்ப்புக்கு எதிர்ச் சுவரிலிருந்தும் மின்சாரம் எடுத்திருந்தேன். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருந்த சின்ன வோல்டேஜ் வித்தியாசத்தால் கேபிள் ஷீல்டில் மின்னோட்டம் ஓடியது. ஷீல்டுக்குள் ஒரே சிக்னல் வயர் உள்ள அன்பேலன்ஸ்டு கேபிளில் சிக்னல் திரும்பி வரும் பாதையும் அதே ஷீல்டுதான் என்பதால் மெயின்ஸின் இரைச்சல் நேராக ஒலியில் கலந்துவிட்டது. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டிருந்தால் போதும். அந்த சுவிட்ச் சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும்தான் பிரிக்கும். பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். இப்போது மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே ஜங்ஷனிலிருந்து மின்சாரம் எடுக்கிறேன், அதில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

* * *

அண்ணா, இதைப் படித்துவிட்டு என்னுடையதை எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கு எர்த், எனக்கு நியூட்ரல்.

திறந்தவெளி நிகழ்ச்சி. தற்காலிகமாக மூன்று ஃபேஸ் இழுத்திருந்தார்கள். ஒரு ஃபேஸில் விளக்குகள், ஒன்றில் ஆம்ப்புகள், மூன்றாவதில் மிக்சரும் எஃபெக்ட் கருவிகளும் மட்டும். செருகும் முன் மீட்டர் வைத்தேன், 230 வோல்ட், சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. திடீரென்று விளக்குகள் மங்கின, அதே நேரத்தில் மிக்சர் மேல் இருந்த சின்ன பல்பு கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்தது. ஏதோ தவறு என்று கை நீட்டுவதற்குள் கருகிய வாசம் வந்துவிட்டது.

ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் திருகாணி சரியாக முறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. சூடாகி, தளர்ந்து, கடைசியில் விட்டுவிட்டது. நியூட்ரல் போனால் சுமை குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் ஏறும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட் வரைக்கும்கூடப் போகலாம். மேடையிலேயே மிகக் குறைந்த கரண்ட் எடுப்பது மிக்சர்தான், அதனால் அடி அதன் மேல் விழுந்தது. பவர் சப்ளையோடு போயிற்று, உள்ளே மற்ற பகுதிகள் தப்பித்தன.

அன்றிலிருந்து நான் இரண்டு தடவை அளக்கிறேன். முதலில் எதையும் செருகாமல் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றும். அப்புறம் விளக்குகள், ஆம்ப்புகள் எல்லாம் ஓடும்போது மறுபடி. சுமை இல்லாதபோது தளர்ந்த திருகாணியும் நல்ல எண்ணைத்தான் காட்டும். சுமையோடு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வரலாம். பத்து, இருபது என்று ஏறினால் நான் மிக்சரை ஆன் செய்வதே இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன். இன்னொன்று, ஃபேஸ்-எர்த் 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் மீட்டர் மிகக் கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும், தலைமுடி அளவுக்கு ஒட்டியிருக்கும் எர்த்தும் அதற்குப் போதும். அதை எர்த் லூப் டெஸ்டர் வைத்திருப்பவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

* * *

உங்கள் இருவருடையதையும் படித்தேன். என் பங்குக்கு, உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் நெஞ்சு வலிக்கும் அனுபவம் ஒன்று.

ஸ்டுடியோவில் பேட்ச் பே (கேபிள் இணைப்புகளை ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ள உதவும் சாக்கெட் பலகை) வைத்து மிக்சரோடு இணைத்திருந்தேன். மெல்லிய அலுமினியத் தகடு அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக் ஒன்று இருந்தது, அதன் ஒலியை இன்னும் மறக்க முடியவில்லை. பக்கத்து கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் ஃபாண்டம் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) ஆன் செய்திருந்தேன். அந்த மிக்சரில் எல்லா சேனலுக்கும் ஒரே சுவிட்ச். மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள் சரியாக இருந்தால் ஃபாண்டம் பின் 2, பின் 3 இரண்டிலும் சமமாக ஏறும், ரிப்பனில் கரண்ட் ஓடாது. பேட்ச் பேயின் டிஆர்எஸ் பிளக் (முனை, வளையம், தண்டு என மூன்று தொடுபகுதிகள் உள்ளது) அப்படி இல்லை. உள்ளே நுழையும்போது முனையும் வளையமும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை, ஒரு கணம் ஒரு பக்கம் மட்டும் வோல்டேஜ் ஏறிவிடும். மெல்லிய அந்த அலுமினியத் தகடு அதைத் தாங்கவில்லை.

இப்போது மைக் இணைப்புகள் பேட்ச் பே வழியாகப் போவதே இல்லை. எதைச் செருகுவதானாலும் ஃபாண்டமை அணைத்து, சேனலை மியூட் செய்து, சில வினாடிகள் பொறுத்துவிட்டுத்தான். ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். வரிசை மாறினால் 'டப்' என்று வரும் அடியை ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிகளைத் தரும் ட்வீட்டர் எத்தனை நாள் தாங்கும்?

* * *

அண்ணா, முதலில் எழுதிய உங்களிடம்தான் கேட்கிறேன். என் மிக்சரிலும் ஹம்மிங் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நானும் எர்த் பின்னை எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். மிக்சரின் உடலைத் தொட்டால் லேசாக விறுவிறு என்று இருக்கிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

* * *

தம்பி, முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தப் பின்னைத் திரும்பப் போடுங்கள். பிளக்கில் பின் உடைந்திருந்தால் பிளக்கையே மாற்றுங்கள். அந்த விறுவிறுப்பு சும்மா வருவதில்லை. மிக்சரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லையென்றால் உடல் கிட்டத்தட்ட பாதி மெயின்ஸ் வோல்டேஜில் நிற்கும். கரண்ட் குறைவு என்பதால் விறுவிறுப்போடு விட்டுவிடுகிறது. உள்ளே இன்னொரு பழுது சேர்ந்தால் அப்படி விடாது.

பின்னைப் போட்ட பிறகு தேடுங்கள். சேனல்களின் ஒலி அளவை மாற்றும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் இறக்குங்கள். ஹம்மிங் அப்படியே இருந்தால் பிரச்சினை மிக்சருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே. போய்விட்டால் ஏதோ ஒரு இன்புட்டில். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், கழற்றும்போது ஆம்ப்பின் வால்யூம் கீழே இருக்கட்டும். முடிந்த இடத்திலெல்லாம் பேலன்ஸ்டு கேபிள் (ஷீல்டுக்குள் இரண்டு சிக்னல் வயர் உள்ளது) போடுங்கள். பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே கட்டில் நீளமாக ஓட வேண்டாம், குறுக்கே போவதானால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும். சுருளில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே ஆம்ப் ஓட்டினால் சூடாகி உள்ளே இன்சுலேஷன் உருகிவிடலாம்.

எல்லாமே பேலன்ஸ்டு, ஆனாலும் ஹம்மிங் என்றால் கருவிக்குள்ளேயே குறை இருக்கலாம். எக்ஸ்எல்ஆரின் பின் 1 நேராக இரும்பு உடலில் சேர வேண்டும். சில கருவிகளில் அது சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் சேர்ந்திருக்கும், ஷீல்டில் ஓடும் கரண்ட் அங்கே சிக்னலில் புகுந்துவிடும். நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் 1995-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலாகப் புரிந்தது. லைன் கேபிளில், சிக்னலை வாங்கும் முனையில் மட்டும் ஷீல்டைப் பிரித்துவிட்டுப் பார்க்கலாம். மைக் கேபிளில் அதைச் செய்யாதீர்கள், ஃபாண்டம் திரும்புவது அந்த வழியில்தான்.

* * *

அண்ணா, பின்னைப் போட்டுவிட்டேன், விறுவிறுப்பு நின்றது. ஃபேடர்களை இறக்கியதும் ஹம்மிங் போனதால் இன்புட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பாட்டு ஓட விடும் லேப்டாப்தான். அதன் மூன்று பின் சார்ஜரைப் பிடுங்கினால் சத்தம் இல்லை, போட்டால் வருகிறது. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் வைத்துவிட்டேன். சார்ஜரும் ஓடுகிறது, மிக்சரில் ஹம்மிங்கும் இல்லை.