மறு: ‘கீ’ என்றால் சாவி அல்ல: டைல் ஒட்டும் சுவருக்கு ஒரு சொல்

> ‘கீ கோட்’ என்பதைத் ‘திறவுகோல் பூச்சு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வேண்டாம். டைல் ஒட்டுகிற சுவரில் திறப்பதற்கு என்ன இருக்கிறது? இந்தக் ‘கீ’ பூட்டுக்குரியது அன்று. பசை பிடித்துக்கொள்வதற்காகச் சுவரில் ஏற்படுத்தும் சொரசொரப்பு. அதற்காகப் பூசுவதுதான் ‘கீ கோட்’. அகராதியைப் புரட்டினால் சாவிதான் வந்து விழும். வேலையைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரமாக எங்கள் வீட்டுக் குளியலறையில் நானே அந்த வேலையில் இறங்கியிருப்பதால் துணிந்து எழுதுகிறேன்.

சுவரில் பழைய எனாமல் பெயின்ட். அதன் மேலேயே ஒட்டினால் டைல் சுவரைப் பிடிக்காது, பெயின்ட்டைத்தான் பிடிக்கும். அது உரிகிற அன்று டைலும் கூடவே வரும். முதலில் சுத்தியல் காம்பால் சுவரெங்கும் தட்டினேன். ‘டக்’ என்ற இடம் சரி. குழாய்க்கு மேலே ஒரு முழ அகலத்துக்குப் ‘பொத்’ என்றது. பூச்சு செங்கல்லை விட்டு எழும்பியிருந்தது. அதை உடைத்தெடுத்துப் புதிதாகப் பூசியாயிற்று. மற்ற இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, உளியால் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகக் குழி போட்டேன். தூசியைக் கழுவி, காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்தேன். முத்து முத்தாக நின்றால் பெயின்ட்டோ சோப்புப் படலமோ மிச்சம் இருக்கிறது, உறிஞ்சிக்கொண்டால் சரி.

இந்தக் குழி போடும் வினைக்குக் கொத்தனார்கள் ‘கொத்திவிடுவது’ என்பார்கள். நல்ல சொல். ஆனால் பெயராக்கினால் ‘கொத்து’ ஆகிப் பூங்கொத்து, சாவிக்கொத்து என்று போய்விடும் (சாவி நம்மை விடாது போலிருக்கிறது!). அம்மி தேய்ந்தால் பொளிவார்களே, அந்தப் ‘பொளிதல்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

உண்மையில் சொல் தேவைப்படுவது வினைக்கு அல்ல, சுவரின் தன்மைக்கு. ‘பற்று’ என்று முன்மடலில் ஒருவர் எழுதியிருந்தார். வங்கிக் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒட்டுவதும் பிடித்துக்கொள்வதும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. விட்ரிஃபைடு டைல் (கண்ணாடிபோல் இறுகும்படி சுட்ட டைல்) நீர் உறிஞ்சுவது 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் முதுகில் வெறும் சிமென்ட் பால் ஊறிப் பிடிக்க வழியில்லை. பாலிமர் கலந்த பசை ஒட்டித்தான் ஆக வேண்டும். சுவர்ப்பக்கம் ஒட்டுவதோடு நிற்பதில்லை. பசை குழிகளுக்குள் இறங்கி, இறுகி, பல்லாகிவிடுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘கவ்வு’. கவ்வுப் பரப்பு, கவ்வுப் பூச்சு, ‘இந்தச் சுவருக்குக் கவ்வு போதாது’ என்றெல்லாம் வாயில் தடங்கலின்றி வருகிறது. நாய் நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டும், கவ்வினால் அது எளிதில் விடாது.

‘பிரைமர்’ பற்றி யாரேனும் தனி இழை தொடங்குங்கள். அதையும் இங்கே இழுத்தால் எந்தப் பூச்சு எது என்று தெரியாமல் போகும்.

நேற்று, எதிர்வீட்டில் வேலை பார்க்கும் கொத்தனாரை அழைத்து வந்து, விளக்கம் ஏதும் சொல்லாமல், “அண்ணே, இந்தச் சுவருக்குக் கவ்வு போதுமா?” என்றேன். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “மேலே போதும். கீழே கவ்வாது சார், இன்னும் கொஞ்சம் கொத்துங்கள்” என்றார்.

‘கவ்வு’ தேறிவிட்டது. ‘பொளிதல்’ பற்றி நீங்கள் சொல்லுங்கள். நான் உளியை எடுக்கப் போகிறேன்.