கீழ் மூலையில் வரும் ‘வைரஸ்’

ஞாயிறு, காலை 10:12

செல்வி அத்தை: 📷 படம்

செல்வி அத்தை: கார்த்தி, லேப்டாப்புல வலது பக்கம் கீழ இது வந்துக்கிட்டே இருக்குடா. "5 வைரஸ் இருக்கு, உடனே சுத்தம் பண்ணவும்"னு. ஆன்டிவைரஸ் காலாவதி ஆயிடுச்சுன்னு இன்னொண்ணு. காசு கட்டணுமா?

சுந்தரம் பெரியப்பா: கட்டாதே. ஃபார்மட் அடிச்சிரு, தீர்ந்துச்சு.

கார்த்தி: காசும் வேணாம், ஃபார்மட்டும் வேணாம். அத்தை, அந்தப் பொட்டியோட அடியில பொடி எழுத்துல பாருங்க. "கூகுள் குரோம்"னு இருக்கு, பக்கத்துலயே வாயில நுழையாத ஒரு சைட் பேர். நிஜமான ஆன்டிவைரஸ் பேசினா அதோட பேர்தான் வரும், குரோம் பேர் வராது.

கார்த்தி: இது வைரஸே இல்ல. ஏதோ ஒரு சைட்டுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப "அலவ்" கொடுத்திருக்கீங்க. "நீங்க ரோபோ இல்லன்னு காட்ட அலவ் அமுக்கவும்"னு கேட்டிருக்கும்.

செல்வி அத்தை: ஆமாம்டா, சீரியல் பார்க்கப் போன எடத்துல அப்படித்தான் கேட்டுச்சு

மீனா: அத்தை, நிஜ ரோபோ சோதனை பக்கத்துக்குள்ளயே இருக்கும். கட்டத்துல டிக் அடிக்கச் சொல்லும், இல்லன்னா பஸ், சிக்னல் படம் காட்டும். அட்ரஸ் பாருக்குக் கீழ தொங்குற "அலவ் / பிளாக்" பொட்டி பிரவுசரோடது. அதுக்கும் ரோபோவுக்கும் சம்பந்தமே கிடையாது.

மீனா: இதைவிட மோசமான ஒண்ணு இப்ப சுத்துது. "ரோபோ இல்லன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயோட ஆர் அமுக்குங்க, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர்"னு சொல்லும். நமக்குத் தெரியாம ஒரு கட்டளையை அந்தப் பக்கம் ஏற்கெனவே காப்பி பண்ணி வச்சிருக்கும். நம்ம கையாலயே பேஸ்ட் பண்ணி ஓட்ட வைக்குது. பாஸ்வேர்டு திருடுற சமாச்சாரம் உள்ள வர்றது இப்படித்தான். எந்த ரோபோ சோதனையும் கீபோர்டுல இப்படிக் கேட்காது.

கார்த்தி: சரி, முதல்ல பொட்டியை நிறுத்துவோம். குரோம்ல வலது மேல மூணு புள்ளி → செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ். கீழ அலவ் வாங்கின சைட் எல்லாம் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் மூணு புள்ளி இருக்கு, அதுல "பிளாக்" கொடுங்க. "ரிமூவ்" வேணாம். ரிமூவ் கொடுத்தா அடுத்த தடவை போறப்ப அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும்.

செல்வி அத்தை: 11 இருக்கு 😳

கார்த்தி: எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டு, அதே பக்கத்துல மேல "சைட்டுகள் நோட்டிஃபிகேஷன் அனுப்ப வேண்டாம்"ங்கிற தேர்வை வச்சிடுங்க. இனிமே கேட்கவே கேட்காது.

செல்வி அத்தை: செஞ்சிட்டேன். பொட்டி நின்னுடுச்சு. ஆனா கூகுள்ல தேடினா வேற ஏதோ பக்கத்துக்குப் போயிதான் விடை வருது. அதுவும் இதாலதானா?

கார்த்தி: இல்ல, அது வேற. எக்ஸ்டென்ஷன் வேலை, அதாவது குரோம்ல கூடுதலா ஒட்டிக்கிற குட்டி புரோகிராம். அட்ரஸ் பார் பக்கத்துல புதிர்த் துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அமுக்கி "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்". என்னென்ன இருக்கு?

செல்வி அத்தை: பிடிஎஃப் மாத்துறது ஒண்ணு, கூப்பன் தேடுறது ஒண்ணு, புது டேப்ல சாமி படம் காட்டுறது ஒண்ணு

மீனா: மூணையும் எடுத்துடுங்க. ஒவ்வொண்ணுலயும் "டீட்டெய்ல்ஸ்" அமுக்கினா, "எல்லா வெப்சைட்டுலயும் உங்க டேட்டாவைப் படிக்கலாம், மாத்தலாம்"னு அனுமதி வாங்கியிருக்கிறது தெரியும். பேங்க் பக்கமும் அந்த "எல்லா"வுல அடக்கம். சாமி படம் காட்ட அந்த அனுமதி எதுக்கு?

சுந்தரம் பெரியப்பா: குரோம் ஸ்டோர்ல இருக்கிறது எல்லாம் கூகுள் சோதிச்சதுதானே?

மீனா: போடுற அன்னிக்கு நல்லா இருக்கும்ப்பா, பின்னாடி கை மாறும். 'தி கிரேட் சஸ்பெண்டர்'னு ஒண்ணு, லட்சக்கணக்கான பேர் வச்சிருந்தாங்க. எழுதினவர் 2020ல வேற ஆளுக்கு வித்துட்டார். 2021 பிப்ரவரியில உள்ள மால்வேர் (கெடுதல் பண்ற புரோகிராம்) இருக்குன்னு கூகுளே தூக்கிடுச்சு. எக்ஸ்டென்ஷன் தானாவே அப்டேட் ஆகும், ஓனர் மாறினது நமக்குத் தெரியாது. அதனால எண்ணிக்கையைக் குறைச்சு வைக்கிறதுதான் வழி.

செல்வி அத்தை: ரெண்டு போயிடுச்சு. கூப்பன்காரனுக்கு ரிமூவ் பட்டனே இல்ல. மூணு புள்ளி மெனுவுல கடைசியா "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்"னு வேற இருக்கு. எனக்கு ஏதுடா ஆர்கனைசேஷன்?

கார்த்தி: மாட்டிக்கிச்சு 😄 ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நிர்வாகி எல்லா மெஷினுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனைப் பூட்டி வைக்க குரோம்ல ஒரு வசதி இருக்கு, பாலிசின்னு பேர். ஆட்வேர், அதாவது விளம்பரம் திணிக்கிற புரோகிராம், அதே பூட்டை வீட்டு லேப்டாப்புல போட்டுக்குது. நீங்க கழட்டினா குரோமே திரும்ப மாட்டும், ஆபீஸ் உத்தரவுன்னு நினைச்சுக்கிட்டு.

கார்த்தி: அட்ரஸ் பார்ல இங்கிலீஷ்ல குரோம், முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு, பாலிசி. இடைவெளி இல்லாம அடிச்சு என்டர். "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்"னு வரி இருக்கா?

செல்வி அத்தை: இருக்கு. பக்கத்துல நீளமா ஏதோ எழுத்து

கார்த்தி: அதேதான். வரிசை மாறாம செய்யணும் அத்தை, மாறினா திரும்பி வந்துடும்.

கார்த்தி: முதல்ல அதைக் கொண்டு வந்த புரோகிராம். விண்டோஸ் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → இன்ஸ்டால்டு ஆப்ஸ். தேதி வாரியா அடுக்குங்க. தொல்லை ஆரம்பிச்ச நாள் பக்கம் தெரியாத பேர் எது இருந்தாலும் அன்இன்ஸ்டால்.

செல்வி அத்தை: "ஃப்ரீ வீடியோ கன்வர்ட்டர்"னு ஒண்ணு. அதே நாள்ல பேர் தெரியாத இன்னொண்ணும் இருக்கு

கார்த்தி: ரெண்டும் ஒரே பொட்டலத்துல வந்தது. இலவச சாஃப்ட்வேர் போடுறப்ப "எக்ஸ்பிரஸ்", "கஸ்டம்"னு ரெண்டு வழி கேட்கும். எக்ஸ்பிரஸ் அமுக்கினா கூட வர்ற எல்லாத்துக்கும் சரின்னு அர்த்தம். கஸ்டம் போனாதான் டிக் எடுக்க முடியும்.

கார்த்தி: அடுத்து ஆட்வ்கிளீனர். மால்வேர்பைட்ஸ் கம்பெனியோடது, இலவசம், இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. மால்வேர்பைட்ஸ் சைட்டுக்கே போய் எடுங்க. கூகுள்ல தேடி மேல வர்ற முதல் லிங்க்கை அமுக்காதீங்க, மேல வர்றது பல சமயம் விளம்பரம்தான். ஸ்கேன் ஓட்டி, காட்டுறதை குவாரன்டைன் பண்ணி (ஓட விடாம தனியா அடைச்சு வைக்கிறது), ரீஸ்டார்ட்.

சுந்தரம் பெரியப்பா: குரோம்லயே சுத்தம் பண்ற பட்டன் ஒண்ணு இருந்துச்சே?

கார்த்தி: 2023ல எடுத்துட்டாங்க பெரியப்பா.

காலை 11:05

செல்வி அத்தை: ரீஸ்டார்ட் ஆச்சு. 6 காட்டுச்சு, எடுத்துட்டேன். ஆனா பாலிசி வரி இன்னும் இருக்கே

கார்த்தி: அப்போ ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் தன் செட்டிங்ஸை வச்சிருக்கிற எடம். ஸ்டார்ட் மெனுல "ரெஜிஸ்ட்ரி எடிட்டர்"னு தேடித் திறங்க. இடது பக்கம் ஹெச்கீ லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → கூகுள் → குரோம். கடைசி "குரோம்" ஃபோல்டரை ரைட் கிளிக், முதல்ல எக்ஸ்போர்ட், அப்புறம்தான் டெலிட். ஹெச்கீ கரன்ட் யூசர் கீழயும் இதே பாதையில பாருங்க. பக்கத்துல இருக்கிற வேற எதையும் தொடாதீங்க.

மீனா: குழுவுல மத்தவங்களுக்கு: ஆபீஸ் கொடுத்த லேப்டாப்ல இதைச் செய்யாதீங்க. அங்க அந்த பாலிசி நிஜமாவே ஆர்கனைசேஷனோடது. வீட்டு லேப்டாப்லயும் சில ஆன்டிவைரஸ் பாலிசி போடும். ஃபோர்ஸ்லிஸ்ட் வரியில தெரியாத எக்ஸ்டென்ஷன் இருந்தா மட்டும் கை வைங்க.

செல்வி அத்தை: போயிடுச்சு!! கூப்பன்காரனுக்கும் ரிமூவ் பட்டன் வந்துடுச்சு 🙏

கார்த்தி: சூப்பர். இப்ப குரோம் செட்டிங்ஸ் → ரீசெட் செட்டிங்ஸ் → பழைய நிலைக்குக் கொண்டு வா. தேடுபொறி, முதல் பக்கம் எல்லாம் சரியாகும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். எக்ஸ்டென்ஷன் அணைஞ்சிடும், வேணுங்கிறதை மறுபடி போட்டுக்கலாம்.

கார்த்தி: டெஸ்க்டாப்ல இருக்கிற குரோம் படத்தையும் ரைட் கிளிக் → பிராப்பர்ட்டீஸ் → டார்கெட் பாருங்க. குரோம் டாட் இஎக்ஸ்இ, மேற்கோள் குறி, அதோட முடியணும். அதுக்கப்புறம் ஒரு வெப்சைட் முகவரி ஒட்டிக்கிட்டிருந்தா அதை மட்டும் அழிங்க. ரீசெட் அடிச்சும் தெரியாத பக்கத்தோடயே திறக்குதுன்னா காரணம் பெரும்பாலும் அதுதான்.

மீனா: வீட்டுல இன்னொரு கம்ப்யூட்டர்லயும் இதே அக்கவுன்ட்ல குரோம் இருக்கா அத்தை? இருந்தா அங்கயும் அந்த மூணை எடுத்துடுங்க. ஒரே அக்கவுன்ட்ல இருக்கிற குரோமை எல்லாம் ஒண்ணு போல வைக்கிற சிங்க் வழியா திரும்ப வந்து உட்காரும்.

சுந்தரம் பெரியப்பா: நான் எப்பவும் இன்காக்னிட்டோதான். எனக்கு இந்தத் தொல்லையே இல்ல.

மீனா: அப்பா 😅 இன்காக்னிட்டோ உங்க கம்ப்யூட்டர்ல ஹிஸ்டரி வைக்காது, அவ்ளோதான். போற சைட்டுக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் நீங்க தெரிவீங்க. இது பத்தி அமெரிக்காவுல கூகுள் மேல வழக்கே நடந்துச்சு. 2024ல சமரசம் ஆனப்ப, அப்படிச் சேர்த்த டேட்டாவை அழிக்க ஒத்துக்கிட்டாங்க.

சுந்தரம் பெரியப்பா: அப்ப மிக்ஸி தேடினா நாலு நாளைக்கு மிக்ஸியாவே வருதே, அதுக்கு என்ன பண்றது?

மீனா: அதுக்கு முக்கியக் காரணம் மூணாம் ஆள் குக்கீ. குக்கீன்னா சைட் நம்ம பிரவுசர்ல போட்டு வைக்கிற அடையாளச் சீட்டு. கடை சைட்டுல ஒரு விளம்பர கம்பெனியோட துண்டு இருக்கும், நியூஸ் சைட்டுலயும் அதே கம்பெனி துண்டு இருக்கும். ரெண்டு எடத்துலயும் ஒரே குக்கீயைப் படிச்சு, வந்தது ஒரே ஆள்னு சேர்த்துக்கும். சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் இதைத் தானாவே அடைச்சிடும். குரோம்ல நிறுத்துறோம்னு 2020ல சொன்னாங்க, 2024 ஜூலையில அந்தத் திட்டத்தையே கைவிட்டாங்க. நம்மதான் அடைக்கணும்.

மீனா: செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → தேர்டு பார்ட்டி குக்கீஸ் → பிளாக். ஏதாவது சைட்டுல லாகின் சுத்திக்கிட்டே இருந்தா, இல்ல பேமென்ட் பக்கம் வெள்ளையா நின்னா, அட்ரஸ் பார்ல கண் மாதிரி படம் வரும். அதை அமுக்கி அந்த சைட்டுக்கு மட்டும் திறந்து விடலாம். மொத்தத்தையும் திறக்க வேண்டாம்.

செல்வி அத்தை: விளம்பரமே வராம இருக்க ஏதோ பிளாக்கர் சொல்வியே மீனா

மீனா: யூபிளாக் ஆரிஜின். பேர்ல "ஆரிஜின்" கட்டாயம் இருக்கணும். வெறும் "யூபிளாக்"னு இருக்கிறது வேற ஆளுங்களோடது. எழுதினவர் ரேமண்ட் ஹில், அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாத்தினதால 2025லேர்ந்து முழு யூபிளாக் அதுல ஓடாது, "யூபிளாக் ஆரிஜின் லைட்"தான். லைட்டும் பெரும்பாலான விளம்பரத்தைத் தடுக்கும், ஆனா நம்மளா ஒரு சைட்டுக்குன்னு நுணுக்கமா விதி போடுற வசதி குறைவு. முழுசு வேணும்னா ஃபயர்ஃபாக்ஸ். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ்லயும் ஓடும், குரோம் மொபைல்ல எக்ஸ்டென்ஷனே கிடையாது.

மீனா: ஒரே ஒரு பிளாக்கர் போதும். ரெண்டு போட்டா ஒண்ணு மேல ஒண்ணு மோதி பக்கம் உடையும், எதால உடைஞ்சதுன்னும் தெரியாது.

செல்வி அத்தை: ஆன்டிவைரஸ் கம்பெனிங்களே இலவசமா பிரவுசர் பாதுகாப்பு தர்றாங்களே, அது?

கார்த்தி: இலவசத்துல யோசிக்கணும் அத்தை. அவாஸ்ட், தன்னோட ஆன்டிவைரஸும் எக்ஸ்டென்ஷனும் சேர்த்த பிரவுசிங் விவரத்தை ஜம்ப்ஷாட்னு ஒரு துணை கம்பெனி வழியா வித்ததுக்கு, அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 பிப்ரவரியில 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு. பின்தொடர்றவங்களைத் தடுப்போம்னு சொல்லி வித்த சரக்கு அது. விண்டோஸ்ல கூடவே வர்ற டிஃபெண்டர் உங்களுக்குப் போதும்.

சுந்தரம் பெரியப்பா: இத்தனையும் செஞ்சா நம்மளை யாருக்கும் தெரியாதா?

மீனா: தெரியும்ப்பா. கூகுள்ல சைன்இன் பண்ணியிருக்கிற வரைக்கும் கூகுளுக்குத் தெரியும். ஐபி முகவரி, அதாவது நெட்ல உங்க இணைப்போட நம்பர், போற சைட் எல்லாத்துக்கும் தெரியும். திரை அளவு, ஃபான்ட், நேர மண்டலம் எல்லாத்தையும் கோத்து குக்கீ இல்லாமயே கைரேகை மாதிரி எடுக்கிறாங்க. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்ங்கிற இணைய உரிமை அமைப்போட "கவர் யுவர் டிராக்ஸ்" பக்கத்துல உங்க பிரவுசர் எவ்ளோ தனியாத் தெரியுதுன்னு சோதிக்கலாம். கண்ட எக்ஸ்டென்ஷனை அடுக்கினா இன்னும் தனியாத் தெரிவோம்.

சுந்தரம் பெரியப்பா: என் போன்ல எந்த ஆப்பும் திறக்காம ஹோம் ஸ்கிரீன்லயே விளம்பரம் முழுசா வருது. அதைச் சொல்லுங்க முதல்ல

கார்த்தி: இன்காக்னிட்டோ காப்பாத்தலையா பெரியப்பா 😄

கார்த்தி: அது பிரவுசர் இல்ல, ஏதோ ஒரு ஆப். விளம்பரம் வர்றப்ப க்ளோஸ் அமுக்காம, திறந்திருக்கிற ஆப்பை எல்லாம் கார்டு கார்டா காட்டுற ரீசன்ட்ஸ் பட்டன் அமுக்குங்க. அந்தக் கார்டு மேல எந்த ஆப் படம் இருக்கோ அதான் திருடன். சிக்கலன்னா பவர் பட்டனை அழுத்தி, "பவர் ஆஃப்"ஐ நீளமா அழுத்தினா பல போன்ல சேஃப் மோட் கேட்கும். அங்க நம்ம போட்ட ஆப் எதுவும் ஓடாது. விளம்பரம் நின்னா ஆப்தான்னு உறுதி. பெரும்பாலும் டார்ச், கிளீனர், வால்பேப்பர் வகைதான்.

கார்த்தி: செட்டிங்ஸ் தேடல்ல "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்"னு போடுங்க. மத்த ஆப் மேல படர அனுமதி வாங்கினது எல்லாம் தெரியும். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா இருந்தா "டிவைஸ் அட்மின்"னு தேடி, அங்க அந்த ஆப்பை அணைச்சுட்டு அப்புறம் எடுங்க.

மீனா: அப்பா, கூடவே ஒண்ணு. ஆண்ட்ராய்டு 9லேர்ந்து போன் செட்டிங்ஸ்ல "பிரைவேட் டிஎன்எஸ்" இருக்கு. டிஎன்எஸ்ன்னா சைட் பேரைக் கொடுத்தா அதோட விலாசத்தைத் தேடித் தர்றது. அதுல இங்கிலீஷ்ல: டிஎன்எஸ், புள்ளி, ஆட்கார்ட், ஹைஃபன், டிஎன்எஸ், புள்ளி, காம். விளம்பர சர்வர் பேரைக் கேட்டா விலாசமே தராது, அதனால பல ஆப்புக்குள்ள வர்ற விளம்பரமும் குறையும். யூடியூப் விளம்பரம் போகாது, வீடியோ வர்ற எடத்துலேர்ந்தே அதுவும் வருது. ஸ்டேஷன் வைஃபையில லாகின் பக்கம் திறக்கலன்னா இதைக் கொஞ்ச நேரம் "ஆஃப்" பண்ணுங்க, உள்ள போனதும் திரும்பப் போடுங்க.

சுந்தரம் பெரியப்பா: டார்ச் ஆப்தான். எடுத்தாச்சு. டார்ச் இல்லாம என்ன பண்றது

மீனா: மேலேர்ந்து கீழ இழுங்கப்பா, போன்லயே இருக்கு 🔦

செல்வி அத்தை: கார்த்தி ஒரு சந்தேகம். அந்த 11ல ஒண்ணு நம்ம பேப்பர்காரனோட சைட். அதையும் சேர்த்து பிளாக் பண்ணிட்டேன். தப்பாயிடுச்சா?

கார்த்தி: இல்ல அத்தை. சைட்டுக்குப் போனா படிக்கலாம், பொட்டிதான் வராது.

செல்வி அத்தை: சரி சரி, பேப்பர்தான் வாசல்லயே விழுதே