இயந்திரத்தின் லொடலொட ஓசைக்கு ஒரு சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தொகுத்துவரும் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில், கார் இயந்திரத்தில் எழும் வழக்கமல்லாத ஓசை எதுவானாலும் அதைக் ‘கடகடப்பு’ என்றே குறிக்கலாம் என்று சிதம்பரத்து நண்பர் எழுதியிருந்ததையும், ஏற்றத்தில் எழும் ‘நாக்கிங்’ ஓசைக்கு ‘முன்வெடிப்பு’ என்பதே அறிவியலுக்குப் பொருந்தும் என்று அரியாங்குப்பத்து நண்பர் மறுத்திருந்ததையும் படித்தேன். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லுமுன், இதைப் பற்றி என்னை யோசிக்க வைத்த சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நான் நாள்தோறும் ஓட்டிச் செல்லும் பெட்ரோல் காரில் சென்ற மாதம் ஓர் ஓசை தொடங்கியது. வண்டி நிற்கும்போது அது இல்லை. வேகம் பிடிக்கையில் இயந்திரச் சுழற்சி நிமிடத்துக்கு 2,000ஐ நெருங்கும்போது எழும், அதைத் தாண்டியதும் அடங்கிவிடும். இயந்திரமே போய்விட்டது என்ற அச்சத்தோடு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, “சார், டிக்டிக்னு அடிக்குதா, லொடலொடன்னு ஆடுதா, டொக்டொக்னு இடிக்குதா, அத மொதல்ல சொல்லுங்க” என்றார். பிறகு நீளமான திருப்புளி ஒன்றின் முனையை வால்வு மூடியிலும் இயந்திரத்தின் அடிப்பகுதியிலும் மாறி மாறி வைத்து, அதன் கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். கடைசியில், புகைக்குழாயின் வெப்பம் பிற பாகங்களைத் தாக்காமல் மறைக்கும் மெல்லிய தகட்டை ஒரு கட்டைத் துண்டால் அழுத்திப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். ஓசை நின்றுவிட்டது. கடற்காற்றில் துருவேறி, திருகு இருந்த துளை விரிந்துபோயிருந்தது. ஒரு கிளிப்பைச் சுற்றி இறுக்கி அனுப்பிவிட்டார்.

குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் ஏன் கேட்டது என்பதற்கு விளக்கம் எளிது. நான்கு உருளை (சிலிண்டர்) இயந்திரம் 2,000 சுழற்சியில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 67 முறை எரிப்பு நிகழ்கிறது. தளர்ந்த தகட்டின் இயல்பான அதிர்வு அந்த எண்ணிக்கையோடு இசைந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டுத் தகடு லொடலொடக்கும். சுழற்சி மாறினால் இசைவு கலைந்துவிடும்.

என்னைக் கவர்ந்தது பழுது நீக்கியதைவிட அவர் கேட்ட கேள்விதான். அடிக்கிறது, ஆடுகிறது, இடிக்கிறது என்று மூன்று வினைச்சொற்களில் அவர் மூன்று நோய்களைப் பிரித்துவிட்டார். ‘அடிக்கிறது’ என்பது பெரும்பாலும் வால்வுப் பக்கத்து டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) எழுப்பும் ஓசை. வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், வண்டி நின்ற நிலையில் இயந்திரம் 800 சுழற்சியில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 முறைதான் திறக்கிறது. ஆகவே அந்த ஓசை இயந்திரத்தின் வேகத்துக்குப் பின்தங்கிய, மெல்லிய, ஒழுங்கான தாளமாகக் கேட்கும். ‘இடிக்கிறது’ என்பது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு சேர்க்கும் இணைப்புத் தண்டின் பேரிங் தேய்ந்தால் வரும் கனத்த ஓசை. சுமை கூடக்கூட அது கூடும். கேட்டவுடன் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். ‘ஆடுகிறது’ என்பது ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. இந்த மூன்றையும் ‘கடகடப்பு’ என்ற ஒரே கூடையில் போட்டால், பட்டறைக்காரர் பேச்சில் இருக்கும் தெளிவைக் கலைச்சொல்லில் இழந்துவிடுவோம். மேலும் பையன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், தண்ணீரைக் கடகடவென்று குடிக்கிறான் என்றெல்லாம் சொல்கிறோம். அங்கே தடையில்லாத ஓட்டத்தைக் காட்டும் சொல்லை இங்கே பழுதுக்குப் பெயராக்குவது எனக்கு ஒட்டவில்லை.

அப்படியானால் ‘லொடலொடப்பு’ என்றே வைக்கலாமே என்றால், நம் குழுவின் தமிழாசிரியர் ஐயா எழுப்பிய தடை முன்னே நிற்கிறது: லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது, அதாவது சொல்லின் முதலெழுத்தாக வராது. ஒலிக்குறிப்புச் சொற்கள் பேச்சில் இந்த வரம்பை மதிப்பதில்லை என்பது உண்மைதான். ‘டமடம’ என்று பறை முழங்குவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் கலைச்சொல்லுக்கு வேறொரு தேவையும் உண்டு. அது பிற சொற்களோடு சேர்ந்து தொடராக வேண்டும். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா’ என்பது தொல்காப்பிய விதி. ‘லொட’ என்று பாதியை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. முழுவதையும் வைத்தால் ‘வெப்பத்தடுப்புத் தகட்டு லொடலொடப்பு’ என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

எனவே தளர்ந்த பாகத்தின் ஓசைக்குத் ‘தளர்வொலி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தகட்டுத் தளர்வொலி, குழாய்த் தளர்வொலி என்று எளிதாக ஒட்டும். இதை அந்த மெக்கானிக்கிடமே சொல்லிப் பார்த்தேன். ஒரு கணம் விழித்துவிட்டு, “லூஸ் சத்தம்னு சொல்றீங்க” என்றார். அவர் ஏற்கெனவே வைத்திருந்த தொடரைத்தான் நான் தமிழாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி ‘முன்வெடிப்பு’. கேப்பர் மலைச் சாலையில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், தகர டப்பாவில் சில்லறைக் காசைக் குலுக்கியது போன்ற ஓசை சில வண்டிகளில் கேட்குமே, பட்டறையில் ‘நாக்கிங்’ என்பார்களே, அதற்காகத்தான் நண்பர் இச்சொல்லைப் படைத்தார். ஆனால் அது தீப்பொறிக்கு முன் நிகழ்வதன்று. பொறி விழுந்து சுடர் பரவத் தொடங்கிய பிறகு, சுடர் இன்னும் எட்டாத கடைசிப் பகுதிக் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே தீப்பற்றிக்கொள்கிறது. பொறிக்கு முன்பே, சிவந்து கனன்ற கரிப்படிவு போன்ற ஏதோ ஒன்றால் கலவை எரிவது வேறு நிகழ்வு. அதற்கு ‘முன்னெரிவு’ என்ற பெயரை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தூண்டக்கூடும் என்பதாலேயே இரண்டின் பெயரும் குழம்பக் கூடாது.

‘நாக்கிங்’ என்பதைத் ‘தட்டல்’ என்று நேராக மொழிபெயர்த்து எழுதிவிடலாம் என்பாரும் உண்டு. அங்கே எதுவும் எதையும் தட்டுவதில்லை என்பதுதான் அதில் எனக்குள்ள சிக்கல். திடீர் எரிப்பால் எழும் அழுத்த அலைகள் உருளைச் சுவரை மணிபோல் அதிர வைக்கின்றன. கார் இயந்திரங்களில் இந்த அதிர்வு நொடிக்குப் பல ஆயிரம் முறை என்ற அளவில் இருக்கும். காதில் பட்டதை வைத்துத்தான் ஆங்கிலேயர் பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். சாவிக்கொத்தும் வாள்களும் உரசும் ஓசைக்கு வழங்கும் ‘கிளிக்த்தி’ என்ற சொல்லையே அவர்கள் இதற்கும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரிட்ட காலத்தில் காரணம் தெளிவாகவில்லை. தெரிந்த பின் பெயரிடும் நாம் அதே வழியில் போக வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘எரியதிர்வு’. எரிப்பில் பிறந்த அதிர்வு என்று காரணத்தையும் விளைவையும் ஒருங்கே சொல்கிறது. இந்தக் கோளாறைக் கண்டறிய இயந்திரக் கட்டையில் திருகப்பட்டிருக்கும் உணரி (சென்சார்) ஓசையைக் கேட்பதில்லை. அது உலோகத்தின் அதிர்வை உணர்ந்துதான் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளச் செய்கிறது. ஆகவே ‘எரியதிர்வு உணரி’ என்பது உள்ளபடியே சரியாக அமைகிறது. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை ‘எரியதிர்வு எதிர்ப்பெண்’ என்று விளக்கலாம்; ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று அளவு வைத்ததே இந்த எதிர்ப்பை ஒப்பிடத்தான். 1921இல் அமெரிக்காவில் ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று கண்டறிந்ததும் இதை அடக்கத்தான். அந்த ஈயத்தைக் காற்றில் கலக்கவிட்டதன் தீங்கு உணரப்பட்டு, 2000ஆம் ஆண்டில் நம் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது.

டீசல் இயந்திரத்துக்கும் இதே சொல் பொருந்துமா என்று கேட்பீர்கள். அங்கே தானே தீப்பற்றுவதுதான் இயல்பு. தெளித்த எரிபொருள் பற்றிக்கொள்ளத் தாமதமாகி, சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக எரிவதால் ஓசை வருகிறது. காரணம் மாறினாலும் எரிப்பில் பிறந்த அதிர்வுதான் என்பதால் ‘டீசல் எரியதிர்வு’ என்று அடைமொழியோடு வைத்துக்கொள்ளலாம்.

வால்வுக்கு ‘ஓரதர்’ என்ற சொல் அகராதிகளில் இருக்கிறது. அழகான சொல்தான், ஆனாலும் இந்தப் பட்டியலில் வால்வு, பேரிங் போன்றவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒரே வரியில் இரண்டு புதுச்சொற்களைக் கண்டால் பட்டறையில் வேலை பழகும் பிள்ளை அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுவான்.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கியதும் ஓரிரு நொடி கரகரவென்று கேட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறிச் செயின் இறுக்கியை எட்டியதும் மறையும், கேம் தண்டைச் சுழற்றும் டைமிங் செயினின் ஓசையை எதில் சேர்ப்பது? செயின் அந்த நேரத்தில் தளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் பாகம் எதுவும் கழன்றுவிடவில்லை. ‘தொடக்கத் தளர்வொலி’ என்று எழுதிப் பார்த்தேன், முழு மனநிறைவு இல்லை. முதலியார்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களோடு பழக்கமுள்ள நண்பர்கள், அவர்கள் இதற்கு என்ன வினைச்சொல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் நன்றி.