ஐந்நூறு வயது நாயகனுக்கு ஏன் இன்னும் புத்தி வரவில்லை?

ஹேர்பின்_20 எழுதியது:

வணக்கம் மக்களே. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும்தான் படிக்க முடியும். முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிடும். இருபது வளைவும் முடிந்து மேலே சமதளம் வந்த பிறகுதான் மறுபடி திறப்பேன். நடுவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்தையே அசைபோட்டுக்கொண்டு வருவேன்.

ஒரு வருடமாக இப்படி ஃபேண்டஸி காதல் நாவல், அறிவியல் புனைகதைக் காதல் நாவல் என்று படித்துத் தள்ளியிருக்கிறேன். இப்போது ஆங்கிலத்தில் இதற்கு ரொமாண்டஸி என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பாதி என் தங்கை கிண்டிலில் ஏற்றிக் கொடுத்தது, மீதி நானே காசு போட்டு வாங்கியது, அதனால் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

பிரச்சினை இதுதான். முதல் வளைவில் மூடும்போது "ஐயோ, இப்போதா மூடணும்" என்று இருக்கும். ஐந்தாவது வளைவில் ஒரு சந்தேகம் வரும். பத்தாவதில் இன்னொன்று. மேலே போய்ச் சேர்வதற்குள் கதை மொத்தமும் உதிர்ந்து போயிருக்கும்.

உதாரணத்துக்கு, நாயகனுக்கு வயது ஐந்நூறு, சாவே கிடையாது. நாயகிக்குப் பத்தொன்பது. சரி, கற்பனைதானே என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்நூறு வருடம் என்றால் என்ன? நம் பக்கத்து ஆளாக இருந்தால் கிருஷ்ணதேவராயர் காலத்தில் பிறந்தவன். இந்த மலையில் காப்பிச் செடி வந்தே இருநூறு வருடம்தான் ஆகிறது. அவன் ஏற்காட்டை நினைத்தால் காப்பித் தோட்டம் இல்லாத, சில்வர் ஓக் மரம் இல்லாத ஒரு காடுதான் முதலில் ஞாபகம் வர வேண்டும். அவன் பேசிப் பழகிய மொழியே பாதி மாறிப் போயிருக்கும். எத்தனை பேரைப் புதைத்திருப்பான்! ஆனால் நாவலில் அவன் என்ன செய்கிறான்? அவள் இன்னொருத்தனோடு சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டுத் தாடையை இறுக்கிக்கொண்டு சுவரில் குத்துகிறான். இதற்கு ஐந்நூறு வருடம் எதற்கு? எங்கள் தெருவில் பைக் வைத்திருக்கும் செகண்ட் இயர் பையனே போதுமே.

எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்' (2003) படித்தபோது வேறு மாதிரி ஆனது. ஹென்றிக்கு ஒரு விசித்திரமான கோளாறு, அவனை அறியாமலே காலத்தில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு போய்விடும். அவன் வேலை பார்க்கும் நூலகத்துக்கு கிளேர் வருகிறாள். அவளுக்கு அன்று இருபது வயது, அவனுக்கு இருபத்தெட்டு. அவளுக்கு அவனை ஆறு வயதிலிருந்தே தெரியும், ஏனென்றால் பின்னாளைய ஹென்றி அவளுடைய சிறுவயதுக்குப் போய்ப் போய் வந்திருக்கிறான். இவனோ அவளை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான். அவள் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள், இவன் "நீங்க யாருங்க" என்பதுபோல் முழிக்கிறான். அந்த இடத்தில் மூடினேன். பதினாறாவது வளைவில் என் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டுப் பாட்டி "தலை சுத்துதா கண்ணு" என்று கேட்டு மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். மோந்துகொண்டே அழுதேன்.

என் கேள்வி: இந்த இரண்டுக்கும் நடுவில் எது வித்தியாசம்? எழுத்துத் திறமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். அப்புறம் தமிழில் இந்த மாதிரி ஏதாவது உண்டா?

தட்டுவடைசெட்:

அக்கா, மாப்பிள்ளைக்குப் பத்து வயசு கூட என்றாலே எங்கள் அம்மா ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இது நானூற்று எண்பத்தொன்று! ஆனாலும் ஒரு விஷயம், எந்த நாவலிலும் இந்த ஆட்களுக்கு மூட்டுவலி மட்டும் வருவதே இல்லை. ரகசியம் தெரிந்தால் சொல்லுங்கள், என் தாத்தாவுக்கு வேண்டும்.

மிளகுக்கொடி:

நான் மேலே ஏற்காட்டிலேயே இருப்பவள், உங்கள் பஸ் போகும் சத்தம் எங்கள் லைன் வீட்டுக்குக் கேட்கும். கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள் தோழி.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இருட்டில் போனில் சார்ஜ் இருக்கிற வரைக்கும் நான் படிப்பது நீங்கள் திட்டுகிற அதே நாவல்களைத்தான். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்ற உத்தரவாதத்துக்காகத்தான் படிக்கிறேன். துப்பறியும் கதையில் ஒரே தெருவில் நாலு கொலை விழுகிறது, அது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் விரும்பிப் படிக்கிற கதை என்றால் மட்டும் எல்லோரும் லாஜிக் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ரமணிசந்திரன் நாவலைக் கையில் வைத்திருந்ததற்காக என்னைக் கல்லூரியில் கிண்டல் செய்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா!

ஆனால் அந்த ஐந்நூறு வயதுக்காரன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், எனக்கும் அலுத்துவிட்டது. அதற்கு மருந்தாக ஒன்று சொல்கிறேன். லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்ட் எழுதிய 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்', 1986இல் வந்தது. கார்டீலியா முப்பதைத் தாண்டியவள், ஏரல் நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பேரும் எதிரெதிர்த் தரப்பில் அதிகாரிகள். ஒரு அந்நிய கிரகத்தில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடக்கிறார்கள். கூடவே மூளையில் அடிபட்டு ஒன்றும் புரியாமல் போன ஒரு இளம் வீரன். அவனை விட்டுவிட்டுப் போக அவள் சம்மதிப்பதில்லை. கையில் இருக்கும் சாப்பாடு ஓட்ஸ் கஞ்சியும், நாள்பட்ட பாலாடைக்கட்டியில் செய்த ஒரு சாஸும்தான். அதை அவள் அந்தப் பையனுக்கு ஊட்டுகிறாள், ஏரல் பார்த்துக்கொண்டே வருகிறான். காதல் அங்கேதான் வருகிறது. சுவரில் யாரும் குத்தவில்லை. ஓட்ஸ் கஞ்சியை வைத்து இப்படி ஒரு காதல் எழுத முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

குகைக்காரன்:

பெயரைப் பார்த்து சாமியார் என்று நினைக்க வேண்டாம், சேலம் குகைப் பகுதிதான் எனக்குச் சொந்த ஊர். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மணி.

தமிழில் உண்டா என்று கேட்டீர்களே. நூலகத்துக் காட்சியைப் படித்ததும் எனக்கு மணிமேகலைதான் ஞாபகம் வந்தது. உதயகுமாரன் சோழ இளவரசன், அவள் பின்னாலேயே சுற்றுகிறான், அவளுக்குத் தொல்லை. மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. அங்கே புத்தருக்கான பீடமான புத்த பீடிகையைப் பார்த்ததும் முற்பிறவி தெரிந்துவிடுகிறது: போன பிறவியில் தன் கணவனாக இருந்து, திட்டிவிடம் என்ற பாம்பால் செத்துப்போன இராகுலன்தான் இந்த உதயகுமாரன். அவளுக்கு இது தெரியும், அவனுக்குத் தெரியாது. உங்கள் கிளேருக்கும் ஹென்றிக்கும் நடுவில் இருக்கிற அதே பள்ளம்! ஆனால் கிளேர் அந்தப் பக்கம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள், மணிமேகலை விலகி நிற்கிறாள், அதுதான் கஷ்டமான வேலை.

அதற்கு அப்புறம் வருவதைக் கேளுங்கள். இளவரசனிடமிருந்து தப்பிக்க மந்திரத்தால் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் புருஷன் காஞ்சனன், வானத்தில் பறக்கும் விஞ்சையன், வருடக்கணக்கில் பிரிந்திருந்த மனைவியைத் தேடிக்கொண்டு வருகிறான். தன் மனைவி வேறு ஒருவனிடம் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து உதயகுமாரனை வாளால் வெட்டிவிடுகிறான். அந்த உருமாற்றத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், கொலைக்குக் காரணமே இருக்காது. செத்தவனைப் பார்த்து மணிமேகலை புலம்புகிறாள், கிட்டே போகப் போகிறாள். தூணில் இருக்கிற பாவை, கந்திற்பாவை, பேசி அவளைத் தடுக்கிறது. வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது கடைசி பெஞ்சு கூட வாயை மூடிக்கொள்ளும்.

இன்னொரு பாவையும் நமக்கு உண்டு, கொல்லிப்பாவை. கொல்லிமலை இப்போது நாமக்கல் மாவட்டம், 1997 வரைக்கும் சேலம் மாவட்டம்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நற்றிணையில் ஒரு பாட்டு: காற்று அடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு கெடாமல் நிற்கிற பாவை என்று. நீங்கள் திட்டுகிற ஐந்நூறு வயதுக்காரன் அதுதான். அவன் மேல் காலம் ஒரு கீறல் போடவில்லை. நம் புலவர்கள் விவரமானவர்கள், அந்தப் பாவையைத் தலைவிக்கு உவமையாக நிறுத்தினார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். அதற்குக் கல்யாணம் பண்ணிவைக்கவில்லை.

ஜங்ஷன்_மேம்பாலம்:

சார், இடி விழுந்தாலும் கெடாத ஹீரோ, செம. இந்த வாரம் முழுக்க இதை வைத்தே பொழுதை ஓட்டிவிடுவேன்.

நான் அறிவியல் புனைகதைப் பக்கத்து ஆள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஞாபகம் இருக்கிறதா? நிலா காணாமல் போன கணவன் சிபியைத் தேடுகிறாள். கதை அதுதான், ஆனால் படித்த யாரிடமும் சிபி எப்படி இருப்பான் என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென முழிப்பார்கள். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஜீனோ, ஒரு இயந்திர நாய்! அதிகாரமே இல்லாத ஒரு பொம்மை, புத்தகம் படித்து, வாய் பேசி, அவளுக்காக ரிஸ்க் எடுக்கிறது. அந்த இடத்தை எந்தப் புருஷனாலும் பிடிக்க முடியவில்லை.

இன்னொன்று, இதைக் காதல் நாவல் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், பரவாயில்லை. உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. கெதன் என்கிற குளிர் கிரகம், அங்கே யாரும் நிரந்தரமாக ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. பூமியிலிருந்து போன தூதன் ஜென்லியும், அந்த ஊர்க்காரர் எஸ்ட்ராவெனும் தப்பித்து, பனிப்பாளத்தின் மேல் வண்டி இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் போகிறார்கள். ஒரு சின்னக் கூடாரம், ஒரு அடுப்பு, இரண்டு பேர். ஜென்லிக்கு மனதாலேயே பேசத் தெரியும், அதை எஸ்ட்ராவெனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். முதல்முறையாக அந்தக் குரல் கேட்டதும் எஸ்ட்ராவென் ஆடிப்போகிறார். ஏனென்றால் அது ஜென்லியின் குரலாக வரவில்லை, செத்துப்போன தன் அண்ணனின் குரலாக வருகிறது. அண்ணன்மேல் அவருக்கு இருந்தது வெறும் பாசமும் இல்லை. கடைசிவரை இவர்கள் இரண்டு பேரும் உடலால் சேர்வதே இல்லை, ஆனால் நான் படித்ததிலேயே நெருக்கமான கூடாரம் அதுதான்.

மிளகுக்கொடி:

தம்பி, அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைக் காதல் நாவல் அலமாரியில் வைத்தால் வாங்கிப் படிக்கிற பெண்கள் உங்களைத் தேடி ஜங்ஷனுக்கே வருவார்கள். நான் கேட்பது சேர்ந்துவிடும் ஜோடி. எப்படிச் சேர்கிறார்கள் என்பது கஷ்டமாக இருக்கட்டும், சேராமலே விட்டுவிட்டு அதை ஆழம் என்று சொல்லாதீர்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் எனக்கு ஆழம் வேண்டாம்.

ஹேர்பின்_20:

நாலு நாள் ஆளைக் காணோம் என்று நினைக்காதீர்கள், படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாத்தியார் ஐயா சொன்னது உறைத்தது. நான் வயதில் மாட்டிக்கொண்டேன், விஷயம் வயது இல்லை. கிளேரின் கதையில் ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியவில்லை, அந்தப் பள்ளத்தைத் தோண்டியது அவன் கோளாறுதான். அதை எடுத்துவிட்டால் நூலகத்தில் ஒரு பெண் ஒரு பையனைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் சுவரில் குத்துகிறவனிடமிருந்து அந்த ஐந்நூறு வருடத்தையும் பிடுங்கிவிட்டால்? அப்போதும் குத்துவான்.

மிளகுக்கொடி, நீங்கள் சொன்னதும் உறைத்தது. எங்கள் பாட்டி பெட்டியில் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது, தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்தது, கல்கியின் 'சோலைமலை இளவரசி'. 1942 போராட்டத்தில் போலீஸிடமிருந்து தப்பி ஓடும் குமாரலிங்கம் ஒரு பாழடைந்த கோட்டையில் ஒளிந்துகொள்கிறான். கண்ணை மூடினால் அதே கோட்டையில் பழைய காலத்து மாறனேந்தல் ராஜாவாக இருக்கிறான், எதிரி வீட்டு இளவரசியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். கண் விழித்தால் பொன்னம்மாள் சாப்பாடு கொண்டுவந்து நிற்கிறாள், அதே முகம். காலம் தாண்டுகிற காதல், பாட்டி பெட்டியிலேயே இருந்திருக்கிறது, நான் டாலர் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தேன்! ஓரத்தில் பாட்டி பென்சிலால் "பாவம்" என்று எழுதி வைத்திருக்கிறார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை, மூன்று பேருக்கும் பொருந்துகிறது.

நேற்று இருபது வளைவும் தாண்டிவிட்டேன், ஒரு சந்தேகமும் வரவில்லை. ஆனால் பைண்டிங்கில் நடுவே இரண்டு அத்தியாயம் காணோம். யாரிடமாவது இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்களேன், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

தட்டுவடைசெட்:

அக்கா, கல்கி எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆகி ரொம்ப நாளாச்சு. நெட்டிலேயே சும்மா கிடக்கிறது, போனில் படிக்கலாம். அடிவாரம் வந்ததும் போனையும் மூடிவிடுங்கள், அவ்வளவுதான். அந்த எலுமிச்சம்பழப் பாட்டி தினமும் அதே பஸ்ஸில் வருவாரா?